மாற்றமும் பக்குவமும்

உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் இயல்பினது என்பது சைவ சித்தாந்தத்திற்கு அடிப்படையாயதோர் உண்மை. மெய்கண்ட தேவர் சிவஞான போதத்தின் முதற் சூத்திரத்தினையே இதன் வாயிலாக முதல்வன் உண்மையை நிறுவுதற்கு எடுத்துக்கொண்டார். இது நம் சமயத்தார் பலரும் அறிந்ததே. ஆயினும், அறிந்த இவ்வுண்மை வாழ்க்கையிற் பயன்படும் இடம் யாது என்று ஒருவர் நேர்நின்று வினவுங்கால் விடை எளிதின் அமைவதில்லை. அண்மையில் யான் அங்ஙனம் வினவப்பட்டேன்.

வினவியவர் ஆனைக்குட்டத்து உழவர் ஒருவர், எழுபதைக் கடந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிலர் கூடுமிடத்து யான் சித்தாந்த பாடம் சொல்லி வருவதுண்டு. அன்று, இறைவன் இயற்றும் ஐந்தொழிலும் உயிர்களின் பக்குவங் கருதியே நிகழ்வன என்று கூறி முடித்தேன். அவர் எழுந்து, "ஐயா, ஆற்றிலே தண்ணீர் வருவதையும் வற்றுவதையும் அறுபது வருடமாகப் பார்த்து வருகிறேன். விளைந்த வருடமும் உண்டு. சாவியாய்ப் போன வருடமும் உண்டு. மாறுதலெல்லாம் உயிர் வளர்வதற்கே என்கிறீர்கள். எனக்கு நரைதான் வளர்ந்தது. வேறொன்றும் வளர்ந்ததாகத் தெரியவில்லையே" என்றார். கூடியிருந்தோர் நகைத்தனர். எனக்கு நகை வரவில்லை. என்னை? அவர் கேட்டது மெய்யான வினா. மாற்றம் ஒன்றே வளர்ச்சியைத் தருமாயின், முதியோர் எல்லாரும் ஞானியராதல் வேண்டும், அங்ஙனம் காண்கிலேம்.

அன்று அவருக்குச் சொல்லியவற்றையும், சொல்ல மறந்து பின்னர் எண்ணியவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

ஆனைக்குட்டம் அருச்சுனா நதியின் பாங்கர் உள்ளது. அந்நதி மேற்கு மலைச்சரிவில் மழை பொழிந்தால் ஓடி, வைப்பாற்றோடு கலந்து மன்னார்க் கடலைச் சேர்வது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. நதியின் குறுக்கே அமைந்த நீர்த்தேக்கத்திலிருந்து விருதுநகர் மக்களுக்குக் குடிநீரும் செல்கின்றது. சூழ உள்ள நிலம் பெரிதும் கரிசல். வானம் பார்த்த பூமி. இக் கரிசலின் இயல்பை நம் அன்பர் என்னினும் நன்கறிவார். கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும். சில வெடிப்புகள் முழங்கை புகும் ஆழமுடையன. அயலூரார் கண்டால் நிலம் பாழ்பட்டது என்றே இரங்குவர். உண்மை வேறு. மேல்மண் அவ்வெடிப்புகளில் உதிர்ந்து கீழே செல்லும். ஐப்பசியில் முதல் மழை பெய்யுங்கால் நீர் அவ்வழியே ஆழத்திற்கு இறங்கும். பின் மண் ஊதி, வெடிப்பு மூடி, கீழ்மண் மேலெழும். இங்ஙனம் ஏர் இன்றியே நிலம் தன்னைப் புரட்டிக்கொள்கின்றது. தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என மண்ணூல் வல்லாரும் இதனைக் கூறுப. மழை நின்ற பின்னும் பருத்தி வாடாது நிற்பது, அங்ஙனம் இறங்கிய ஈரத்தினைக் கரிசல் விடாது பற்றி நிற்றலால் அன்றோ?

வெயிலும் மழையும் பாறைக்கும் உண்டு. பாறையும் சுடும், குளிரும்; ஆயின் அதனுள் ஒன்றும் இறங்குவதில்லை. அறுபது ஆண்டு மாறுதலைக் கண்டும் வளர்ந்திலேன் என்பார்க்கு விடை ஈண்டுள்ளது. மாற்றம் நம்மீது நிகழ்ந்ததா, நம்முள் இறங்கியதா என்பதே வினா. வந்த துன்பத்தைப் பிறர்மேற் பழியாக ஏற்றியும், வந்த இன்பத்தை நம் திறமையெனக் கொண்டும் கழிப்போமாயின், இரண்டும் மேலேயே ஓடிக் கழிந்தன என்க.

இன்னும் ஒன்று. கண்மாயில் நீர் நிறைந்திருக்குங் காலத்து அதனை ஆழப்படுத்துவார் எவருமில்லை. வற்றிய பின்னரே கரம்பை அள்ளுவர். அள்ளிய கரம்பை வயலுக்கு உரமாகின்றது. அள்ளிய இடம் அடுத்த மழைக்குக் கொள்ளிடமாகின்றது. அழித்தல் தொழிலும் உயிர்களின் பிறவி இளைப்பை ஆற்றுவதாகிய அருளே என்று நம் ஆசிரியன்மார் உரைத்தது இத்தகைய இடங்களிலேதான் நன்கு விளங்குகின்றது. இளம்பருவத்தில் இதனைப் பாடங் கேட்டபோது, சொல்லாக மட்டுமே கொண்டேன் என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். எல்லாம் மாறுவன எனின், வளர்வது யார்? கணந்தோறும் யாவும் அழிந்து புதிதாய்த் தோன்றும் என்ற பௌத்தர் கொள்கையைச் சிவஞான சித்தியார் பரபக்கம் மறுத்ததன் பயன் இவ்விடத்துக் காணத்தகும். நேற்று நொந்தவனும் இன்று தெளிந்தவனும் ஒருவனே அல்லனாயின், தெளிவு என்ற சொல்லுக்கே பொருளில்லை. உடல் மாறும், மனம் மாறும், குடியும் தொழிலும் மாறும், இவற்றினூடே நின்று பக்குவமுறும் ஆன்மா ஒன்று உண்டு. அதற்குப் பற்றுக்கோடாக மாறாத சிவம் உண்டு. கரிசலில் வீடு கட்டினோர் இதற்கு நல்ல சான்று பகர்வர். எந்த ஊதலும் சுருங்கலும் வயலை வாழ்விக்கின்றனவோ, அவையே வீட்டுச் சுவரைப் பிளக்கின்றன. ஆதலின் கரிசலைக் கடந்து கெட்டித்தரை காணுமளவும் வானம் தோண்டி அடித்தளம் இடுவர். மாறுதலை வரவேற்போம் என்று இக்காலத்தார் பலர் மேடைதோறும் பேசுகின்றனர். நன்றே. அடித்தளம் எங்கே என்று மட்டும் அவர்கள் சொல்லுவதில்லை.

இனி, இருவினையொப்பு என்பதனை நோக்குவோம். நல்வினையும் தீவினையும் தராசிலே எடையொத்து நிற்றல் என்று அதற்குப் பொருள் கொள்வார் உளர். அஃது அன்று, இரண்டன் பயனும் வருங்கால் ஒன்றை விழைதலும் ஒன்றை வெறுத்தலும் இன்றி அறிவு ஒருபடித்தாய் நிற்றலே அது. இதற்கும் அவ்வூரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. மழை குறைந்த அந்நிலத்தார்க்குத் தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பாயின. 1923-ஆம் ஆண்டளவில் சிவகாசியினின்று அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டமை பலரும் அறிந்தது. எந்த வறட்சி உழவரை வருத்திற்றோ, அவ்வறண்ட வெயிலே மருந்தும் தாளும் காய்தற்கு உதவிற்று. நம் அன்பரின் மகனும் பட்டாசு ஆலையிலே வேலை செய்கின்றார். மழை பெய்தால் தந்தைக்கு மகிழ்ச்சி. மகனுக்கு அன்று வேலை இல்லை. ஒரு கூரையின் கீழேயே ஒரு மழை ஆக்கமும் முடக்கமும் ஆகின்றது! எவருக்கு ஏற்ப வானம் நடத்தல் வேண்டும்? இதனை ஒருவர் உள்ளபடி எண்ணுவராயின், என் விருப்பே உலகின் அளவுகோல் என்னும் ஆணவ முனைப்புச் சிறிது தளரும். அத்தளர்ச்சியே பக்குவத்தின் தொடக்கம்.

சிவகாசியின் தலவரலாறும் இவ்விடத்து நினைக்கத்தகும். காசியினின்று சிவலிங்கம் கொணர்ந்த பாண்டியன் அதனைத் தென்காசிக்குக் கொண்டுசெல்லக் கருதினான். சுமந்து வந்த பசு இடையில் ஓரிடத்து நின்றுவிட்டது. அரசன் பசுவை அடித்து ஓட்டவில்லை, அவ்விடத்தையே கோயிலாக்கினான். தன் கருத்து முடியாத இடமே சிவனுக்கு இடமாயிற்று.

இத்துணையும் கேட்ட அன்பர் தலையசைத்தார். ஆயின் இக்கருத்துத் தவறாகப் பயன்படும் இடம் ஒன்றுண்டு. அதனைச் சொல்லாது விடுதல் பாவம் என்று எனக்குத் தோன்றிற்று. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் அப்பகுதியில் இத்தகைய சாவுகள் பல. இவற்றையும் பருவத்தின் சுழற்சி போலக் கருதி, "வினைப்பயன், ஏற்றுக்கொள்" என்று இறந்தார் சுற்றத்தாரிடம் கூறலாமோ? கூடாது என்பேன். மழை பொய்த்தல் வேறு. மருந்தைக் கையாளுதற்குரிய காவலை மனிதர் விட்டுவிடுதல் வேறு. நுகர்வோன் பிராரத்தத்தை நுகர்கின்றான் என்பது மெய்யே. அதனால், அத்துன்பத்திற்குக் கருவியாய் நின்று அசட்டை செய்தவனுக்கு ஆகாமியம் ஏறாது போமோ? வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தை நோக்கித் தனக்குச் சொல்லிக்கொள்ளும் மருந்து. அதனைப் பிறன் புண்ணிலே எறிவது மருந்தாகாது. கண்மாய்க் கரை உடைந்து நீர் ஊரினுட் புகுங்கால், அழித்தலும் இறைவன் தொழிலே என்று திண்ணையில் அமர்ந்திருப்பவனைச் சைவன் என்று யார் சொல்வர்?

நான் இவ்வாறு சொல்லி நிறுத்தியபோது அன்பரின் முகம் வேறுபட்டது. சிறிது நேரம் பேசாதிருந்து, "எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் கணவன் ஆலையிலே இறந்து போனான். பச்சைப் பிள்ளை ஒன்று இருக்கிறது. எல்லாம் விதி, மனத்தைத் தேற்றிக்கொள் அம்மா என்று போன மாதம் நான்தான் சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் புரிகிறது, ஐயா" என்றார். பின்னர் ஒன்றும் கேளாது துண்டை உதறித் தோளிலிட்டுச் சென்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பாடத்திற்கு வரவில்லை. அப்பெண்ணுக்கு உதவித்தொகை வேண்டி மனு எழுதுவிப்பதற்காக, அவளையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு விருதுநகர் சென்றிருந்தார் என்று வந்தோர் சொல்லினர்.