நிற்கிறவர்கள்

சீடன்: ஐயா, மயிலாப்பூர்ப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் உலாவன்று மாட வீதியில் பகல் முழுக்க நீர்மோர் ஊற்றினோம். முகம் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும்போது மனம் நிறைகிறது. வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் அந்தக் கனிவு ஏன் வருவதில்லை?

குரு: அன்று உன் வீட்டில் சமைத்தது யார்?

சீடன்: அம்மா.

குரு: அவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்?

சீடன்: தெரியவில்லை ஐயா. கேட்கவில்லை.

குரு: வீதியில் தாகமெடுத்தவர் உன்னிடம் வந்து கை நீட்டினார். அம்மா கை நீட்ட மாட்டார். நீயே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

சீடன்: யோசித்து, ஏற்பாடு செய்து காட்டுகிற அன்பு செயற்கையாகிவிடாதா? அன்பு தானாகச் சுரக்க வேண்டாமா?

குரு: தி.நகர் ரங்கநாதன் தெருத் துணிக்கடைகளுக்குப் போயிருப்பாய். புடவை எடுத்துப் போடும் பெண்களைப் பார்த்திருப்பாய். கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை நின்றே வேலை. கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். அவர்கள் வாழ்க்கையை வசந்தபாலன் 2010-இல் ‘அங்காடித் தெரு’ என்று படமாக எடுத்தார். பார்த்துக் கலங்கியவர்கள் ஏராளம். கலங்கியவர்கள் அடுத்த தீபாவளிக்கும் அங்கேயே துணி எடுத்தார்கள். பரிதாபம் நன்றாகவே சுரந்தது, தம்பி. ஒரு முக்காலிதான் வரவில்லை. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர் எல்லாருக்கும் இருக்கை தர வேண்டும் என்றது. கடையில் நிற்கும் பெண்ணின் ஒரு நாளைக் காலையிலிருந்து இரவு வரை யாராவது நினைத்துப் பார்க்காமல் அந்த வாசகத்தை எழுதியிருக்க முடியாது. அதைச் செயற்கை என்பாயா?

சீடன்: மாட்டேன். ஆனால் வீட்டுக்குச் சட்டம் கிடையாதே.

குரு: கிடையாது. அதனால் யோசனை அங்கேதான் அதிகம் வேண்டும்.

சீடன்: சொல்லிப் பார்த்துவிட்டேன் ஐயா. “உட்காரும்மா” என்றால், “நீங்க எல்லாரும் சாப்பிட்டு எழுந்திருங்க, அப்புறம் பார்த்துக்கறேன்” என்பார். வற்புறுத்தலாமா?

குரு: வற்புறுத்தினால் அன்றும் உனக்காகத்தான் உட்காருவார். இதே மயிலாப்பூரில் 1886-இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமியை எடுத்துக்கொள். தாமே குழந்தை விதவை. 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டு விதவைச் சிறுமிகளுக்கு இல்லம் தொடங்கினார். ஆசாரம் கெட்டுவிடும் என்று பயந்து பிராமணக் குடும்பங்கள் பெண்களை அனுப்பாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் இல்லத்துச் சமையலறையில் அந்த ஆசாரங்களையே கடைப்பிடித்தார். இன்று பார்க்கையில் அது எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் பெற்றோரின் பயத்துக்கு முதலில் பதில் சொன்னதால்தான் அந்தச் சிறுமிகள் கையில் புத்தகம் வந்தது. அவர்களில் ஆசிரியைகள் ஆனவர்களும் உண்டு. சரி, உன் அம்மாவின் பயம் என்ன?

சீடன்: அம்மாவுக்குப் பயமா?

குரு: யோசித்துச் சொல்.

சீடன்: தான் உட்கார்ந்துவிட்டால் யாருக்காவது தோசை ஆறிவிடும் என்ற கவலையாக இருக்கலாம்.

குரு: அப்படியென்றால் ‘உட்கார்’ என்று சொல்கிற மகனால் அவருக்கு என்ன பயன்? தோசை வார்க்கத் தெரிந்த மகன் வேண்டும்.

சீடன்: எனக்குத் தெரியாதே ஐயா.

குரு: அவரிடமே கற்றுக்கொள். முதலில் பிய்யும், கருகும். அவர் கரண்டியைப் பிடுங்க வருவார். கொடுக்காதே. ஒரு நாள் ஆசையாகச் செய்துவிட்டு விட்டுவிட்டால் மறுநாள் அவர் பழையபடி நிற்பார். வாரத்தில் எந்தெந்த இரவு அடுப்பு உன் பொறுப்பு என்று சொல்லிவிடு. சொன்ன நாளில் மறக்காமல் போய் நில். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும் எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டு வை. இன்று இரவே தொடங்கு.