துயருக்குப் பின் மகிழ்ச்சி தகுமா?

அன்புக்குரியவரை இழந்தவர் மீண்டும் மகிழ்வது, மறைந்தவருக்குச் செய்யும் துரோகமா? மரணம் நுழைந்த இல்லங்களில் எல்லாம் இக்கேள்வி எழுகிறது. உதட்டில் புன்னகை அரும்பும்போதே நெஞ்சில் குற்றவுணர்வும் தலைதூக்குகிறது.

ஸ்காட்லாந்தின் மரபு இசை இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அந்நாட்டு மக்கள் வயலினை ‘ஃபிடில்’ என்பர். பெர்த்ஷயர் பகுதியில் 1727-இல் பிறந்து, டன்கெல்டு நகருக்கு அருகிலுள்ள இன்வர் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் நீல் கோ. நெசவுத் தொழில் பயின்ற அவர், பின்னர் அத்தால் பிரபுக்களின் ஆதரவைப் பெற்று, ஃபிடில் கலையில் பெரும்புகழ் அடைந்தார். நடன விருந்துகளில் வாசித்துப் பிறரை ஆடவைத்ததே அவரது வாழ்க்கை. 30 ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த இரண்டாம் மனைவி மார்கரெட் 1805-இல் காலமானார். எழுபதைக் கடந்திருந்த அம்முதியவர், மனைவியின் நினைவாக ஓர் இரங்கலிசையை இயற்றினார்.

சொற்களற்ற அந்த மெட்டில் ஒரு வியப்பு உண்டு. மேலைநாட்டு இசையில் சோகத்திற்குப் பெரும்பாலும் ‘மைனர்’ சுரவரிசையைக் கையாள்வர். நீல் கோவின் இரங்கலோ, மகிழ்ச்சிக்கு உரியதாகக் கருதப்படும் ‘மேஜர்’ சுரவரிசையில் அமைந்தது. இழப்பின் வலி அதில் உண்டு. சேர்ந்து வாழ்ந்த நாட்களுக்கான நன்றியும் உண்டு.

ஸ்காட்லாந்தின் இசை மாலைகளில் இன்றும் அது ஒலிக்கிறது. வில் மெல்ல நகர, அவை மூச்சடக்கிக் கேட்கிறது. இத்தகைய மாலைகளில் மெதுவான மெட்டைத் தொடர்ந்து, துள்ளும் தாளமுடைய ‘ஸ்ட்ராத்ஸ்பே’யும், விரைந்தோடும் ‘ரீல்’ நடன மெட்டும் வருவது வழக்கம். சற்றுமுன் கலங்கிய கண்களுக்கு உரியவரே காலால் தாளமிடுகிறார். எவரும் அதை அவமதிப்பாகக் கருதுவதில்லை.

இது மறதி அல்லவா என்று கேட்கலாம். மறப்பவர்கள் இரங்கலிசையை வாசிக்கவே மாட்டார்கள். இவர்களோ அதற்கு உரிய நேரத்தையும் மௌனத்தையும் முழுமையாக அளிக்கிறார்கள். அளித்த பின்னரே அடுத்த மெட்டுக்குச் செல்கிறார்கள். அழ வேண்டிய நேரத்தில் அழாதவருக்கே பின்னர் மகிழ்வது கடினமாகிறது.

நீல் கோ 1807-இல் மறைந்தார். அழுதவரும் இல்லை, அழப்பட்டவரும் இல்லை. எனினும் அத்துயரம், இசையாகப் பகிரப்பட்டதால், இரண்டு நூற்றாண்டுகளாக முன்பின் அறியாதோரின் நெஞ்சையும் ஆற்றிவருகிறது. பூட்டிவைத்த துயரம் ஒருவரையே வாட்டும்; பகிர்ந்த துயரம் பலரைத் தேற்றும். மறைந்தவருக்கு நாம் செலுத்தும் மரியாதை, அவர் தந்த அன்பை வாழ்வோருக்கு வழங்குவதில் இருக்கிறது. அப்படி வழங்குபவர் மீண்டும் மகிழ்வதில் குற்றமேதும் இல்லை.