காற்றுக்கும் ஒரு மணி நேரம்

லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கிலோமீட்டர். போகும்போதும் அதே தூரம், வரும்போதும் அதே தூரம். ஆனால் விமான அட்டவணையைப் பாருங்கள். லண்டனிலிருந்து போக ஏறக்குறைய 8 மணி நேரம். திரும்பி வர ஏறக்குறைய 7.

விமானம் அதே ரகம். இன்ஜினும் அதே. மாறுவது காற்று. அட்லாண்டிக் கடலுக்குமேல், சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். நியூயார்க் போகிறவருக்கு அது எதிர்க்காற்று. லண்டன் திரும்புகிறவருக்கு முதுகைத் தள்ளிவிடும் கை.

2020 பிப்ரவரியில், புயல் வீசிய ஓர் இரவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்துக் கணக்கிட்டால் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரையும் தாண்டியது. இன்ஜினுக்குப் புதுப் பலம் எதுவும் வந்துவிடவில்லை. சுற்றியிருந்த காற்றே அதைச் சுமந்துகொண்டு ஓடியது.

மறுதிசையில் 8 மணி நேரம் பறக்கும் விமானத்தை யாரும் சோம்பேறி என்பதில்லை. அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் அட்டவணையிலேயே இருக்கிறது. அதற்கான எரிபொருளும் டேங்கில் இருக்கிறது. புறப்படும் முன்பே காற்றுக்குரியதை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதனால் வழியில் பதற்றமில்லை. போய்ச் சேர்ந்தபின் மன்னிப்பும் தேவையில்லை.

நீங்கள் எப்படி? நேற்று ஒரு மணி நேரத்தில் முடித்த வேலை, இன்று இரண்டு மணி நேரம் கேட்கிறது. உடனே உங்கள்மேலேயே உங்களுக்குக் கோபம். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். மனசில் ஏதோ ஒரு பாரம். இவை எதையும் கணக்கில் சேர்க்கவில்லை. தூரத்தை அளந்தீர்கள், காற்றை அளக்க மறந்தீர்கள்.

அட்லாண்டிக்கின்மேல் விமானங்கள் செல்லும் தடங்களை நாள்தோறும் புதிதாக வகுக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலும் கனடாவின் கேண்டரிலும் இருக்கும் கட்டுப்பாட்டு மையங்களின் பணி அது. முதலில் காற்று எப்படி என்று பார்ப்பார்கள். பிறகே கோடு போடுவார்கள். நேற்றைய தடம் இன்றைக்குச் செல்லாமல் போகலாம். மேற்கே போகும் விமானம் காற்றோடு முட்டாமல் சற்று ஒதுங்கி வளைந்தே போகும். கிலோமீட்டர் கூடும், நேரம் மிச்சமாகும்.

இன்று யாருக்காவது நேரம் சொல்லும் முன், உங்கள் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். எதிரே வீசினால், ஒரு மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள். அது பலவீனமில்லை, சரியான கணக்கு. முட்டிப் பார்ப்பதைவிட ஒதுங்கிப் போவது நல்லதென்றால், ஒதுங்கியே போங்கள்.

காற்று உங்கள் பக்கம் என்றால் சந்தோஷமாகப் பறந்துவிடுங்கள். சீக்கிரம் சேர்ந்துவிட்டால், பின்னால் வருகிறவரிடம் கடிகாரத்தைக் காட்டாதீர்கள். தூரம் ஒன்றாக இருக்கலாம். அவர் எந்தத் திசையில் பறக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள்.