பிள்ளையின் நோய்க்குத் தாயைப் பழிக்கலாமா?

  

நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு பனூ ஃபஸாரா கோத்திரத்து நாட்டுப்புற அரபி ஒருவர் வந்தார். தம் மனைவி கறுப்பான ஓர் ஆண் பிள்ளையைப் பெற்றிருப்பதாகச் சொன்னார். சொல்லில் சந்தேகம் ஒளிந்திருந்தது. பெருமானார் (ஸல்) அவரைக் கடிந்து கொள்ளவில்லை. அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை விசாரித்தார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தது உண்டா என்று கேட்க, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்க, முன்னோரின் வேர் ஏதேனும் இழுத்திருக்கலாம் என்று அவரே சொன்னார். அவருடைய மகனையும் அவ்வாறே ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்று நாயகம் (ஸல்) உணர்த்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. ஒரு தாயின் மானம் அங்கே காக்கப்பட்டது.

இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? பிறந்து சில மாதங்களில் ஒரு பிள்ளை வெளிறிப் போகிறது. தலசீமியா என்கிறார் டாக்டர். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்புச் சத்தை மருந்தால் வெளியேற்ற வேண்டும். உடனே, "எங்கள் வம்சத்தில் இல்லாத நோய், இவள் கொண்டு வந்தது" என்று மருமகள் மீது பழி விழுகிறது. தலாக் பேச்சும் எழுகிறது. அந்தோ! இது பெரும் அநியாயம்.

இந்நோய்க்குரிய மரபணுவை அல்லாஹ் இரட்டையாக அமைத்திருக்கிறான். ஒன்று தந்தை வழி, ஒன்று தாய் வழி. ஒன்று பழுதாகி மற்றொன்று நன்றாக இருந்தால் அவர் நோயாளி அல்ல. பழுதைச் சுமப்பவர் மட்டுமே. அவருக்கே அது தெரியாது. கணவனும் மனைவியும் இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான் பிள்ளைக்கு இக்கடும் நோய் வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமப்பவராகப் பிறக்க நான்கில் இரண்டு. பழுதின்றிப் பிறக்க நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும் என்பது தவறான கணக்கு. ஆக, தாயைப் பழிக்கும் தகப்பன் தன் பாதிப் பங்கை மறந்து பேசுகிறான்.

தாய் வழியாகவே பெரும்பாலும் வரும் நோயும் உண்டு. கி.பி. 1013-ல் மறைந்த குர்துபா மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ, சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் ஆண்கள் மாண்ட ஒரு கிராமத்தைப் பற்றி எழுதி வைத்தார். ஹீமோஃபீலியா எனும் நோய் அவ்வாறானது. அங்கும் தாய் குற்றவாளியா? தான் கேட்டுப் பெறாததை அவள் சுமக்கிறாள். அவளைப் படைத்தவனிடமா வழக்காடுவது?

மாமன் மகள், அத்தை மகள், சாச்சா மகளை மணப்பது ஹலால். நாயகம் (ஸல்) அவர்களே தம் மாமி மகள் ஸைனப் (ரலி) அவர்களை மணந்தார்கள். ஆனால் ஹலால் என்பது கட்டாயம் என்றாகாது. ஒரே பாட்டனாரின் பழுது இரு பேரப் பிள்ளைகளிடமும் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. அவர்கள் இணையும்போது அது பிள்ளையிடம் வெளிப்படலாம். அந்நியத்தில் மணந்தாலும் இவ்வாய்ப்பு அறவே நீங்குவதில்லை.

ஆதலால் நிக்காஹ் பேசுமுன் இரத்தப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். ஈரானில் 1997 முதலும், சவூதி அரேபியாவில் 2004 முதலும் இது கட்டாயம். தவக்குலுக்கு இது முரணா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்த நபியின் உம்மத் நாம். ஒருவர் மட்டும் சுமப்பவர் என்றால் அச்சம் வேண்டாம். இருவரும் என்றால் டாக்டரிடமும் ஆலிமிடமும் கலந்து முடிவு செய்யுங்கள். முடிவை மணமக்களிடம் மறைப்பது மோசடி. ஊரில் பரப்புவது அமானிதத் துரோகம். ஜமாஅத்தார் இதைக் கவனிக்க வேண்டும்.

நோயுற்ற பிள்ளை வீட்டில் இருந்தால், அவன் அல்லாஹ் தந்த அமானிதம். அவன் தாயின் கண்ணீரைத் துடையுங்கள். அவனுக்காக இரத்தம் கொடுங்கள். வல்ல ரஹ்மான் நம் சந்ததிகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.