வான்கல்லும் வாய்மையும்

சித்தாந்த நூல்களைக் கற்கப் புகுவார் முதற்கண் கற்பது அளவையாகும். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளின் இயல்பை ஆராயுமுன், அவற்றை அறிதற்குரிய கருவி யாது என்று தெளிதல் வேண்டும் என்பது நம் ஆசிரியர் கொள்கை. அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியாரில், பிறர் பலவாக விரித்த அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிக் காட்டினார். மாணாக்கர் பலர் இப்பகுதியை வீட்டின் திண்ணையாகக் கருதி விரைந்து கடந்து விடுகின்றனர். அளவை நூல் ஓதும் இடத்துக்கு மட்டும் உரியதன்று, கடைத்தெருவுக்கும் உரியது. ஒரு பொருளைப் பிறர்க்கு இன்னதென்று எடுத்துரைக்கும் ஒவ்வொருவனும் அறிந்தோ அறியாமலோ அளவையைக் கையாளுகின்றான். அவன் அதனை நேர்மையாகக் கையாளுகின்றானா என்பதே வினா. அவ்வினாவை வான்கல் வாணிகத்தை இடமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வான்கல் என்பது விண்ணினின்று நிலத்தில் வீழ்ந்த கல். விண்கல் என்றும் எரிகல் என்றும் இதனை வழங்குவர். இவற்றைத் தேடித் திரட்டி வைப்பாரும், விலைக்கு வாங்கி விற்பாரும் உலகெங்கும் உளர். விலை கல்லின் வகைக்கும் அருமைக்கும் ஏற்ப மிகும். செவ்வாய்க் கோளினின்றும் திங்களினின்றும் வந்தனவாகத் தெளியப்பட்டவை பொன்னினும் உயர்ந்த விலை பெறுவதுண்டு. விலை மிகுந்த இடத்தில் சொல்லும் மிகுதல் இயல்பேயன்றோ?

போடிநாயக்கனூரில் வாழ்வார்க்குப் பொருளைத் தரம் பிரித்துச் சொல்லும் தொழில் புதிதன்று. ஏல மலைச் சரிவுகளில் விளைந்த காய் உலர்ந்து இந்நகருக்கு இறங்குகின்றது. பெண்கள் பலர் அமர்ந்து காய் பொறுக்குகின்றனர். சல்லடையின் துளை கொண்டு பருமனும், ஒரு லிட்டர் காயின் எடை கொண்டு திரட்சியும், கண்ணால் நிறமும் அளந்து தரம் கூறப்படுகின்றது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்தில் வணிகர் சாம்பிளைக் கையில் வாங்கிப் பார்த்த பின்னரே விலை கேட்கின்றனர். பச்சைச் சாயம் ஏற்றி விற்கும் தீயோரும் இல்லாமல் இல்லை. ஆயினும் அச்சாயம் வெந்நீரில் வெளிப்பட்டுவிடும். காயின் உள்ளீடு உரித்த அளவில் தெரியும். வாங்குவோன் தன் கண்ணாலும் நாவாலும் விற்போன் சொல்லை அளக்க வல்லன்.

வான்கல்லின் நிலை அதுவன்று. வாங்குவோன் கையில் இருப்பது ஒரு கருங்கல். அது வானினின்று வீழ்ந்ததை அவன் கண்டிலன். விற்றவனும் பெரும்பாலும் கண்டிலன். இன்ன நாட்டில், இன்ன நாளில், இன்ன வீழ்ச்சியிற் கிடைத்தது என்னும் சொல்லே விலையின் பெரும்பகுதியாம். கேட்போன் சோதித்தற்கு இயலாத இடத்திற்றான் சொல்வோனுடைய வாய்மை முழுதும் சோதிக்கப்படுகின்றது. சோதிக்கப்படும் இடத்தில் மெய் கூறுதல் அச்சத்தாலும் நிகழும். சோதிக்கப்படாத இடத்தில் மெய் கூறுதல் அறத்தாலன்றி நிகழாது என்க.

இனி, இத்துறையில் நிகழும் பிழையின் இயல்பை நோக்குவாம். வான்கல்லுக்கு அடையாளங்கள் உள. காற்றைக் கிழித்து வருங்கால் மேற்புறம் உருகுதலால் மெல்லிய கரிய ஓடு அமையும். சிலவற்றில் களிமண்ணை விரலால் அழுத்தினாற் போன்ற பள்ளங்கள் காணப்படும். இரும்பும் நிக்கலும் கலந்திருத்தலின் பெரும்பான்மையானவற்றைக் காந்தம் இழுக்கும். உடைத்துப் பார்ப்பின் பலவற்றில் சிறு மணிகள் போன்ற உருண்டைகள் தோன்றும். ஆனால் கரிய நிறம் இரும்புச் சிட்டத்துக்கும் உண்டு. காந்தத்தின் இழுப்பு அதற்கும் உண்டு. பண்டு இரும்பு உருக்கிய இடங்கள் தமிழ்நாட்டிற் பல. ஆண்டுச் சிட்டம் இன்றும் கிடக்கின்றது. சிட்டத்தின் உள்ளே காற்றுக் குமிழ்கள் இருக்கும். வான்கல்லில் அவை மிக அரிது. நம் ஏல மலையின் சார்னோகைட்டுப் பாறையும் கருமையும் கனமும் உடையதே. ஆகவே ஓரடையாளம் கண்ட அளவில் இது வான்கல் என்று துணிவது, புகை போன்றதொன்றைக் கண்டு நெருப்பைத் துணிவது போலாம். பனியும் புகை போலத் தோன்றுமன்றோ?

ஐயமும் திரிவும் நீங்கிய அறிவே காட்சி எனப்படும். ஐயம் இதுவோ அதுவோ எனத் தடுமாறுதல். திரிவு ஒன்றை மற்றொன்றாகத் துணிதல். திரிவுக்கு இப்பியை வெள்ளி என மயங்குதலை நூலோர் உவமை கூறுவர். இவ்வுவமையில் ஒரு நுட்பம் உளது. இப்பியைக் கண்டவன் அதனை வெள்ளி என்றே மயங்குகின்றான்; ஓட்டாஞ்சில்லு என்று மயங்குகின்றானல்லன். வெண்மையும் ஒளியும் ஒத்திருத்தல் ஒரு காரணம். வெள்ளியின்பால் அவனுக்குள்ள வேட்கை மற்றொரு காரணம். கருங்கல்லை வான்கல் என்று மயங்குவார் பலர். வான்கல்லைக் கருங்கல் என்று விரும்பி மயங்குவார் எவர்? மயக்கம் எப்பொழுதும் ஊதியத்தின் பக்கமே சாய்தல் காண்க.

உயிர் பளிங்கு போல்வது; சார்ந்ததன் வண்ணமாவது அதன் இயல்பு என்பது சித்தாந்தம். செம்மலரைச் சார்ந்த பளிங்கு தான் செம்மையுற்றதை அறியாது. நிறம் தன்னுடையதே என்று கொள்ளும். அங்ஙனமே விலையைச் சார்ந்த கண் விலையின் நிறத்தைக் கல்லின்மேற் காணும்; புகழைச் சார்ந்த அறிஞன் கண்ணும் அவ்வாறே காணும். இவர்களுட் பலர் பொய்யரல்லர். தாம் கண்டதையே கூறுவதாக மனமார நம்புவர். ஆணவத்தின் வன்மை இதுவே: அது பொய் சொல்லென்று ஏவுவதில்லை; வேண்டியதை மெய்யெனக் காட்டிவிடுகின்றது.

இதற்கு மருந்து யாது? கண்டது, கருதியது, கேட்டது என்னும் மூன்றனையும் கலவாமற் கூறுதலே மருந்தாம். சான்றாக, மலைச்சரிவில் ஒருவன் எடுத்த கல்லைப் பற்றி இவ்வாறு எழுதலாம்: “எடை இருநூறு கிராம், நிறம் கருமை, காந்த ஊசி சிறிதே அசைகின்றது, இவை யான் கண்டவை. மேலோடு உருகியது போலத் தோன்றுதலின் வான்கல்லாகலாம். இது யான் கருதியது. குரங்கணிப் பக்கத்து ஓடையருகே கிடைத்ததென்று கொணர்ந்தவர் கூறினார். இது யான் கேட்டது. ஆய்வகத்தில் ஆராயப்படவில்லை.” இதனைப் படிப்பவன் எதை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தானே அளந்துகொள்வான். இம்மூன்றையும் ஒரே குரலில் கூறின், சொற்கள் ஒவ்வொன்றும் மெய்யாயினும் முழுவதும் பொய்யாய் முடியும்.

இவ்வொழுங்கு தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றில் கூடலூர் கிழார், விண்மீன் ஒன்று வீழ்ந்ததைப் பாடியுள்ளார். திங்களையும் இரவின் பொழுதையும் ஏனை விண்மீன்களின் நிலையையும் முதலில் நிறுவிப் பின்னரே, அரசனுக்கு ஏதம் வருமோ என்ற தம் அச்சத்தை அச்சமாகவே கூறினார். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை ஏழாம் நாள் மறைந்தான் என்பது அச்செய்யுளின் வரலாறு. நிமித்தத்தை நாம் ஏற்பினும் மறுப்பினும், புலவர் கண்டதையும் கருதியதையும் கலந்திலர் என்பது போற்றத்தக்கது.

உரையளவைக்கும் இத்துறையில் நல்ல சான்று உண்டு. கல் வானினின்று வீழ்தல் இல்லையென்று ஐரோப்பிய அறிஞர் பலர் நெடுங்காலம் மறுத்தனர். கண்ட குடியானவர் சொல்லைப் பேதைமை என இகழ்ந்தனர். 1803-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் பிரான்சு நாட்டு லேகிள் என்னும் ஊரின் பக்கத்தில் கற்கள் மழை போல் வீழ்ந்தன. பியோ என்னும் அறிஞர் ஆண்டுச் சென்று, ஒருவரையொருவர் அறியாத பலருடைய சொற்களை ஒப்பிட்டும், கற்கள் கிடந்த பரப்பை அளந்தும் உண்மையை நிலைநாட்டினார். பயன் கருதாத பலர் ஒன்றையே கூறின் அவ்வுரை அளவையாம். ஆப்தன் என்பான் கற்றவன் மட்டும் அல்லன். விருப்பு வெறுப்பு அற்றவன் என்று நூலோர் கூறியதன் பொருத்தம் ஈண்டு விளங்கும்.

அறியாமையை அறியாமையாகவே எழுதும் மரபும் இத்துறையில் எழுந்துளது. சகாராப் பாலையிற் கிடைத்து மொராக்கோச் சந்தைகளில் விலையாகும் கற்கள் பலவற்றுக்குக் கிடைத்த இடம் தெரியாது. ஊர்ப் பெயர் ஒன்றைப் புனைந்து இடாமல், ‘வடமேற்கு ஆப்பிரிக்கா’ என்று எழுதி அதன்பின் ஓர் எண்ணை மட்டும் இடுகின்றனர். அப்பெயரே ஓர் ஒப்புதல் வாக்குமூலம். புதிய கல்லுக்குப் பெயர் தருமுன், 20 கிராம் அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றுட் குறைந்ததை ஆய்வு நிலையமொன்றில் வைத்தல் வேண்டும் என்றும் வான்கல் ஆராய்ச்சிக் கழகத்தார் விதித்துள்ளனர். பிறர் மீண்டும் நோக்கித் தம் சொல்லை மறுத்தற்கு இடம் விடுதலே இவ்விதியின் உயிர்.

உண்மையாக எழுதி வைத்த சொல் எத்துணைக் காலம் பயன் தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உளது. 1865 ஆகத்து 25-ஆம் நாள் பீகாரில் ஷெர்கோட்டி என்னும் ஊரில் ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள கல் வீழ்ந்தது. 1872-இல் செர்மாக் என்பார் அதனை ஆராய்ந்து, அதிற் கண்ட கண்ணாடி போன்ற பொருளைக் கண்டவாறே விரித்தெழுதினார். அக்கல் செவ்வாய்க் கோளினின்று வந்தது என்பதை அவர் அறியார். அறிந்தவர் போலக் கூறவும் இல்லை. 1980-களில், அதனோடு ஓரினமான வேறொரு கல்லினுள் அடைபட்டிருந்த வளியைச் செவ்வாயின் வளியோடு ஒப்பிட்ட பின்னரே அவ்வுண்மை வலுப்பெற்றது. இன்று அவ்வினக் கற்களெல்லாம் ஷெர்கோட்டியின் பெயரையே தாங்குகின்றன. மதுரைச் சீமையில் 1857 பிப்ரவரி 28-ஆம் நாள் வீழ்ந்து, ஆங்கில ஏடுகளில் பர்னல்லி எனப் பெயர் பெற்ற கல்லும் நாளும் இடமும் குறித்து வைக்கப்பட்டமையால் இன்றளவும் ஆராய்வார்க்குப் பயன்படுகின்றது.

அற்றேல், குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் மெய்யின் வரிசையில் வைக்கப்படும் என்று திருவள்ளுவர் கூறினாரன்றோ? ஏலத் தோட்டத்து ஏழைத் தொழிலாளி ஒருவன் ஆசையோடு கொணர்ந்த கல்லை, ‘இது வெறுஞ் சிட்டம்’ என்று கூறி அவன் முகத்தை வாடச் செய்தல் அறமாமோ எனின், கூறுவாம். அவனை மகிழ்விக்கக் கூறிய சொல் அவனோடு நில்லாது. அவன் அச்சொல்லை நம்பிக் கடன் வாங்கி ஊரூராய் அலைவான். அல்லது அச்சொல்லையே விலையாக்கி வேறொருவனுக்கு விற்பான். இரண்டிடத்தும் ஒருவன் கெடுகின்றான். ஆகலின் நன்மை குற்றமற்றது ஆகவில்லை. இன்சொல் வேறு, பொய்ச்சொல் வேறு. ‘இதனைச் சிட்டம் என்றே கருதுகின்றேன், காரணம் இவை, ஐயமிருப்பின் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையார்க்குக் காட்டுக’ என்று அமர்ந்து விளக்குதல் அருளும் வாய்மையும் ஒருங்கே உடைய செயலாம்.

விரைந்து துணிதலின் தீங்கு கல்லோடு ஒழிவதன்று. 2016 பிப்ரவரி 6-ஆம் நாள் அன்றைய வேலூர் மாவட்டத்தில் தனியார் பொறியியற் கல்லூரி ஒன்றில் பெருவெடிப்பு நிகழ்ந்து ஓட்டுநர் ஒருவர் உயிர் துறந்தார். வான்கல் வீழ்ந்ததே காரணம் என்று மாநில அரசு சார்பில் அறிவிக்கப்பட்டது. படங்களை நோக்கிய அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவன அறிஞர், நிலத்தில் நிகழ்ந்த வெடிப்புப் போலவே தோன்றுகின்றது என்றனர். இவற்றுள் எது மெய் என்று தீர்த்தல் ஈண்டு எம் கருத்தன்று. ஆராய்ச்சிக்கு முன் முடிவு வெளிப்படின், இறந்தவன் எதனால் இறந்தான் என்று கேட்கும் வழியே அடைபடக்கூடும் என்பதை மட்டும் சுட்டுகின்றோம். வியப்பு வினாவை விழுங்கலாகாது.

மற்றொன்று: சோதிக்கும் கையும் அடங்கியிருத்தல் வேண்டும். 2011-இல் கிடைத்த ‘வடமேற்கு ஆப்பிரிக்கா 7034’ என்னும் செவ்வாய்க் கல், அக்கோளின் பழைய காந்தப் புலத்தின் பதிவைத் தாங்கி வந்திருக்கக் கூடியது. தேடுவோரும் விற்போரும் வலிய காந்தத்தை ஒட்டிச் சோதித்தமையால் அப்பழம் பதிவு அழிந்ததென்று 2023-இல் அறிஞர் வெளியிட்டனர். மெய்யா பொய்யா என்று அறிய முயன்ற செயலே மெய்யின் ஒரு பகுதியை அழித்தது. நூலில் தொங்கும் சிறு காந்தம் போதிய இடத்தில் பெருங்காந்தத்தை நாடுதல் அறிவின் வேகமேயன்றி அறிவன்று.

இவையெல்லாம் வான்கல் வணிகர்க்கு மட்டும் உரியன என்று நம்மனோர் ஒதுங்குதல் ஆகாது. கேட்போனாற் சோதிக்க இயலாத பொருளைப் பற்றிப் பேசுவாருள் முதல் வரிசையில் நிற்போர் சமயம் பேசும் நாமே. ஏட்டுச் சுவடி ஒன்று கிடைத்த அளவில் ஆயிரம் ஆண்டு ஏற்றிக் கூறுதலும், கேட்ட கதையைக் கண்ட வரலாறாக மொழிதலும், தம் ஊகத்தை ஆசிரியர் கருத்தென அவைக்கண் நிறுவுதலும் சாயம் ஏற்றிய காயினும் கொடியன. ஏனெனில் இச்சாயம் வெந்நீரிலும் வெளிப்படாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது உண்மையாயின், அது எதனைச் சார்தல் வேண்டும் என்பதும் நம் நூல்களே காட்டிய நெறி. விலையையும் புகழையும் விட்டு மெய்யாய் நின்ற முதலைச் சார்ந்த உயிர், ‘இது கண்டேன், இது கருதினேன், இது கேட்டேன், இது அறியேன்’ என்று நாணாது சொல்லும். அந்நான்காம் சொல்லைச் சொல்ல வல்லவனுடைய முதல் மூன்று சொற்களையே உலகம் நம்பும்.