அழுக்கு எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. தர்மபுரியில் நண்பர் வீட்டு கார் ஷெட். பழைய ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு, கிரீஸ் ஏறிய பாகங்களைக் கழுவ ஒரு தட்டில் பெட்ரோலை ஊற்றிவிட்டார் மனுஷர்.

“பெட்ரோல்லதாங்க பளிச்சுனு வரும்!”

வரும். கூடவே வேறொன்றும் வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, வாசற்படி தாண்டி, சமையலறை அடுப்பைத் தேடிப் போகும். மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே பற்றக்கூடிய சமாசாரம். தர்மபுரி வெயிலில் கேட்கவா வேண்டும்? அதிலுள்ள பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது. மூச்சிலும் போகும், தோலிலும் இறங்கும்.

வெட்டவெளி, ரப்பர் கையுறை, சோப்புத் தண்ணீர், நைலான் பிரஷ்... பெரும்பாலான அழுக்குக்கு இது போதும். முரண்டு பிடிப்பதற்குக் கொஞ்சம் டீசல். பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது. ஆனால் நேரமாகும்.

நண்பர் சலித்துக்கொண்டார். “இந்தத் தொல்லைக்கு ஒர்க்‌ஷாப்ல விட்டா பையன் கழுவிக் குடுத்துடுவான்.”

நான் பி.காம். படித்தவன். ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொரு கணக்கில் பற்று எழுதியே ஆகவேண்டும் என்பது எங்கள் முதல் பாடம். என்ஜின் கணக்கில் கழித்த அழுக்கை யார் கணக்கில் எழுதுகிறோம்?

அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயதாம். ஆபத்தான வேலையில் 18 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கக்கூடாது என்கிறது 2016 சட்டத் திருத்தம். ஆக, சட்டப்படி சிக்கல் இல்லை. பென்சீன் என்ன, வயதுச் சான்றிதழ் பார்த்தா உள்ளே போகிறது? அவனுக்குக் கூலி கொடுக்கிறோம், சரி. கையுறை கொடுத்தார்களா என்று கேட்டோமா? என் பைக்கையும் வருஷக்கணக்காக அப்படித்தான் விட்டு வாங்குகிறேன். ஒருநாளும் கேட்டதில்லை.

வெட்கப்பட்டோ என்னவோ, நண்பர் பெட்ரோலை டப்பாவில் மூடி வைத்துவிட்டு டீசலில் தானே கழுவினார். முடிந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே தென்னை மரத்தடிக்கு நடந்தார்!

பாறையிலிருந்து ஃப்ளோரைடு கசிந்து, குடித்தவர்களின் பல்லைக் கறையாக்கி எலும்பை வளைத்த நிலத்தடி நீர் இந்த மாவட்டத்தினுடையது. அதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்து, 2013-ல் திட்டத்தைத் திறந்தார்கள். பாறை செய்தது போதாதென்று நாமும் ஊற்றுவதா? தட்டைப் பிடுங்கினேன்.

இரண்டு நாள் தெளியவிட்டால் மேலே டீசல் தெளிந்து நிற்கும். அடுத்த முறைக்கு ஆகும். அடியில் கைப்பிடி கசடுதான்.

புதன்கிழமை போன் செய்தார். கசடை டின்னில் அடைத்து, பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொண்டுபோனாராம்.

“அதை வாங்கி நான் எங்கீங்க கொட்டறது?” என்று கேட்டாராம் அவர்.

டின் இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது.