ஏறு, மறுபடி ஏறு!

நாலு பேர் முன்னால் ஒரு தப்பு நடந்துவிட்டது என்பதற்காகவா கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாய்? எழுந்து உட்கார் தம்பி! அமெரிக்கக் குதிரைப் பந்தய ஜாக்கி பில் ஷூமேக்கரின் தப்பை ஒரு நாடே பார்த்தது.

1957, கென்டக்கி டெர்பி. அமெரிக்க ஜாக்கிகள் உயிரையே வைக்கும் பந்தயம். கேலன்ட் மேன் குதிரையில் பாய்ந்து வந்த ஷூமேக்கர், இடையில் இருந்த ஒரு கம்பத்தை எல்லைக் கம்பம் என்று நினைத்து அங்கவடியில் எழுந்து நின்றுவிட்டார். பிசகு உறைத்த அடுத்த நொடியே குனிந்து விரட்டினார். பலனில்லை. அயர்ன் லீஜ் மூக்கு நுனி வித்தியாசத்தில் ஜெயித்தது. 15 நாள் தடை வேறு!

ஓடி ஒளிந்தாரா? தப்பை ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே அதே குதிரையில் ஏறி, பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் 8 குதிரை நீளம் முந்தி வந்தார்!

1931-இல் டெக்சாஸில் பிறந்தபோது ஷூமேக்கரின் எடை ஏறக்குறைய 1 கிலோ. இரவு தாண்டாது என்றார்கள். செருப்புப் பெட்டியில் வைத்து, அடுப்பின் கதகதப்பில் காப்பாற்றினார்கள். வளர்ந்தும் 5 அடியைத் தொடவில்லை. அரை டன் மிருகத்தை அவர் முரட்டுத்தனமாக அடக்கியவரும் அல்ல. கடிவாளத்தை மெல்லப் பிடிக்கும் கைதான் அவருடைய பலம். பலம் என்றாலே புஜம் என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1968-இல் தொடை எலும்பு முறிந்து ஓராண்டுக்கு மேல் ஓய்வு. திரும்பி வந்த சில மாதங்களில் குதிரை அவர் மேலே விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியது. அப்படியும் 1970-இல் ஜாக்கி ஜானி லாங்டனின் 6,032 வெற்றிகள் என்ற சாதனையை முறியடித்தார்!

1986. வயது 54. 'கிழவனுக்கு எதற்கு டெர்பி?' என்று கேட்கிற வயதுதானே? ஃபெர்டினாண்ட் 16 குதிரைகளில் கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது. ஷூமேக்கர் பதறவில்லை. கடைசி நேர்ப்பாதையில் உள்வேலிப் பக்கம் ஓர் இடைவெளி திறந்தது. ஒரு குதிரை நுழையும் அளவுதான். அது மூடுவதற்குள் நுழைத்துவிட்டார். டெர்பி அவருடையது! அதுவரை அந்த வயதில் எவரும் அதை வென்றதில்லை.

1990-இல் 8,833 வெற்றிகளோடு சேணத்தை விட்டு இறங்கிப் பயிற்சியாளரானார். மறு ஆண்டே, குடித்துவிட்டு அவர் ஓட்டிய கார் கவிழ்ந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. குடி செய்த கொடுமை அது. அதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன், நீயும் கட்டாதே. ஆனால் பிறகு அவர் செய்ததைப் பார்! அதே ஆண்டில் சக்கர நாற்காலியில் லாயத்துக்குத் திரும்பினார். கடிவாளம் பிடித்த கை அசையாது. நாற்காலியை மூச்சால் இயக்கினார். எந்தக் குதிரை எவ்வளவு ஓட வேண்டும் என்று வாயால் சொன்னார். ஒரு நாள் இரு நாள் அல்ல, 1997 வரை!